இடம் வந்து பார்க்க ஐந்நூறு

அந்த நோட்டீஸைக் கீழ போட்டுருங்க சார். பேப்பருக்குள்ள சொருகி வந்துச்சே, மஞ்சக் கலர்ல, அதைத்தான். காலைல இருந்து இந்தக் கருமம் எங்க போனாலும் முன்னாடி வந்து நிக்குது. பொள்ளாச்சியில டீ குடிக்கப் போனேன், வடையை இதுலதான் வெச்சுக் குடுத்தான். எண்ணெய் ஊறிப்போயி எழுத்தெல்லாம் பல்லைக் காட்டுது. கடிக்க மனசு வரலீங்க. காக்காய்க்குப் போட்டுட்டேன்.

காலை அந்த மூட்டை மேலயே வெச்சுக்குங்க, ஒண்ணும் ஆகாது. வேப்பம்புண்ணாக்குதான். நாத்தம் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்குங்க. நல்ல சரக்கு, இதுக்குன்னே பொள்ளாச்சி போயி என்ற சொந்தக் காசுல வாங்கினது. மட்டமான சரக்கு வாங்கிப் பழக்கமில்லீங்க எனக்கு.

'மயில் கார்டன்ஸ், உரிமையாளர் மயிலாத்தாள்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்குது பாருங்க, அது என்ற சம்சாரமுங்க. நெசமாத்தான். இருவத்தாறு வருஷத்துக்கு முன்னாடி நான் தாலி கட்டினவ. சரி, கையில எடுத்ததுதான் எடுத்தீங்க, முழுசாப் படிச்சுருங்க. புல் போட சதுர அடிக்கு எழுவத்திரெண்டு ரூபா. மாசப் பராமரிப்பு இத்தனை. செடி செத்தா முப்பது நாளைக்குள்ள மாத்தித் தரப்படும், அதுக்கு மேல போனா காசு. கடேசில என்ன போட்டிருக்குது? 'இடம் வந்து பார்க்க ஐந்நூறு.' பாத்தீங்களா? பாக்கறதுக்குக் காசுங்க! ஒருத்தர் ஊட்டுக்குப் போயி, அவங்க குடுக்கற தண்ணியை வாங்கிக் குடிச்சுட்டு, காலி எடத்தை ஒரு சுத்துப் பாத்துட்டு, எடு ஐநூறைன்னு கை நீட்டறது. தூ!

என்ற பேரு நாச்சிமுத்துங்க. கிணத்துக்கடவுல ரோட்டு மேலயே நம்ம நர்சரி. பத்தொம்பது வருஷமா தோட்டம் போட்டுக் குடுக்கறேன். ஊடுகளுக்கு, கல்யாண மண்டபத்துக்கு, ஒரு ஆஸ்பத்திரிக்குக்கூட. இப்ப சுந்தராபுரத்துல எறங்கணும். அவகிட்டத்தான் போறேன். எட்டு மாசமா கூப்புடுவா கூப்புடுவான்னு காத்துட்டிருந்தனுங்க. போன வாரந்தான் கூப்புட்டா. கூப்புட்ட லட்சணத்தைச் சொல்லணும்னா மொதல்ல இருந்துதான் சொல்லணும். நீங்க உக்கடம் வரைக்கும் போறீங்கல்ல? அப்ப நேரமிருக்குது.

இந்தப் பத்தொம்பது வருஷத்துல நான் ஒருத்தர்கிட்டயும் வாயைத் தொறந்து இவ்வளவுன்னு கேட்டதில்லீங்க. ஒரே வார்த்தைதான். "நீங்க பாத்துக் குடுங்க." அதுல இருக்கற மரியாதை எதுலீங்க இருக்குது? நம்ம வேலையை அவங்க பாக்கறாங்க, அவங்க மனசுக்குத் தோணினதைக் குடுக்கறாங்க. மளிகைக்கடையில பருப்பு வாங்கற மாதிரியா இது? தோட்டம் சார். மண்ணை மிதிச்சுப் பாத்தே சொல்லிருவேன் நான், இந்த எடத்துல என்ன வரும், எது வராதுன்னு. செருப்பைக் கழட்டிட்டு ஒரு நடை நடந்தாப் போதும். அதுக்குப் போயி ஒரு நம்பர் சொல்றதா?

மயிலா கேப்பா. "ஏனுங்க, அவங்க கம்மியாப் பாத்துட்டா?"ம்பா. அவ புத்தி அப்பிடி. நான் சொல்லுவேன், ஒரு எடத்துல கொறஞ்சா இன்னொரு எடத்துல வரும் புள்ள, மனுசங்கதான முக்கியம்னு. சனிக்கெழமையானா வேலைக்கு வர்ற பொம்பளைங்க நாலு பேத்துக்கும் கூலி குடுக்கறது அவதான். அதெல்லாம் நான் தலையிடறதே இல்லீங்க. ஊட்டுப் பொம்பளைக்கு ஒரு அதிகாரம் இருக்கட்டும்னு உட்டுட்டேன். அவளும் ஒரு வாரங்கூட நிறுத்தினதில்லை. எங்கிருந்து குடுத்தாளோ. கையில ரெண்டு வளையல் கெடந்துச்சு, ஒரு நாளு காணோம். எங்க புள்ளன்னேன். போட்டா தடிப்பு தடிப்பா வருதுங்கன்னா. இந்தப் பொம்பளைங்க ஒடம்பே அப்பிடித்தானுங்க, ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்துட்டே இருக்கும்.

எனக்கு என்ன கொறைங்க? கும்புட்டாங்க சார் என்னை. ஒரு ஆடிட்டர் ஊட்டுக்கு ஆயிரம் அடிக்குப் புல்லுப் போட்டோம். செம்மண்ணு, எரு, மெக்சிகன் புல்லு, ஓரத்துக்குச் செடி, எல்லாம் நம்மளுது. ஆடிட்டர் எவ்வளவுன்னாரு. பாத்துக் குடுங்கன்னேன். புது ஊட்டுக்குக் குடி போற அன்னிக்கு மேடை போட்டு, மைக்குல என்ற பேரைச் சொல்லிக் கூப்புட்டு, அத்தனை கூட்டத்துக்கு முன்னாடி சால்வை போத்தினாருங்க. கூட ஒரு கவரு. இருவத்தெட்டாயிரம் இருந்துச்சு. இருக்கட்டுமுங்க! சால்வை போத்தறதுக்கு எத்தனை பேருக்குக் குடுப்பினை இருக்குது? ஊட்டுக்கு வந்து மயிலா தோள்ல போத்தி உட்டேன். அவ அதைக் கையில எடுத்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பாத்தா. மக்காநாளு பாக்கறேன், மண்புழு உரத் தொட்டி மேல விரிச்சுக் கெடக்குது. தண்ணி தெளிச்சு வேற வெச்சிருக்கறா. புழுவுக்குக் குளுமையா இருக்குமாமா. எனக்குப் போத்தின சால்வை சார், புழுவுக்கு!

அன்னிக்கே நான் சுதாரிச்சிருக்கணும்.

அதுக்கப்பறந்தான் அவ ஒரு நோட்டு வாங்கினா. நூறு பக்க நோட்டு. நாலஞ்சு நாளு மத்தியானச் சோறு ஆக்கிட்டு ஒக்காந்து என்னத்தையோ எழுதறது, அழிக்கறது. என்னதான் எழுதறான்னு ஒரு நாளு எடுத்துப் பாத்தேன். ஒரு அடி புல்லுக்கு மண்ணு எவ்வளவு, எரு எவ்வளவு, வண்டி வாடகை எவ்வளவு, வேலைக்கு வர்றவங்க குடிக்கற டீ எவ்வளவு. டீயைக்கூடக் கணக்குல எழுதுவாங்களா சார்? நூறு செடி வெச்சா பத்துச் செத்துரும், அதுக்கு இத்தனைன்னு சாவுக்கும் ஒரு வெலை. அவளுக்குன்னு ஒரு கூலி. அதுக்குங்கீழ பாக்கறேன், 'நாச்சிமுத்து, ஒரு நாளைக்கு 1200'.

கூலிங்க! எனக்கு! மொதலாளி நானு. என்ற பேரைப் பொம்பளையாளுங்க பேருக்குங்கீழ எழுதி, கூலி போட்டு வெச்சிருக்கறா. "ஏ புள்ள, நான் என்ன கூலியாளா?"ன்னு கேட்டேன். "உங்க வேலைக்கும் ஒரு வெலை இருக்குதுங்கல்ல, அதைப் போடாம எப்பிடிங்க?"ன்னா. கூசாமச் சொன்னா. எல்லாத்தையும் கூட்டினா அடிக்கு அம்பத்தெட்டு ரூபா நம்ம கைக்காசே போகுதாமா. அதுக்கு மேல பதினாலு ரூபா லாபமாமா. எழுவத்திரெண்டு. லாபம்னு அவ எழுத்துல எழுதி, அதுக்கு அடியில கோடு வேற போட்டிருந்தா. திங்கற சோத்துல கல்லு கடிச்ச மாதிரி ஆயிருச்சு எனக்கு. ஒருத்தர் கையில இருந்து இத்தனை எனக்கு மிச்சமாகோணும்னு முன்னாலயே திட்டம் போட்டுட்டு அவங்க ஊட்டுக்குப் போறது. அதென்ன பொழப்புங்க?

இது கோயில்பாளையம். இங்க கொஞ்ச நேரம் நிப்பான்.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், வெலை. அந்த ஆடிட்டருக்குத் தெரிஞ்சவரு ஒருத்தரு. அவருக்கும் ஆயிரம் அடி. நானும் மயிலாளும் மொபெட்டுல போனோம். எடத்தைப் பாத்தாச்சு. அவரு எவ்வளவு ஆகும்னாரு. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள இவ முந்திக்கிட்டா. "அடிக்கு எழுவத்திரெண்டு ரூபாய்ங்க"ன்னா. சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டா சார். அதுதான் எனக்குத் தாங்கலை. ஒரு சிரிப்பில்லை, 'பாத்துப் பண்ணிக்கலாமுங்க' இல்லை. சும்மா நிக்கறா. அவரு மண்ணைப் பாக்கறாரு. மோட்டார் ரூமைப் பாக்கறாரு. இவ நிக்கறா. ஒரு மனுசனை அப்பிடி நிறுத்தி வெக்கலாமா? எனக்கு வேர்த்து ஊத்துது. அவரு மூஞ்சி என்னமோ யோசனைக்குப் போற மாதிரி இருந்துச்சு. என்னால முடியலீங்க. "அம்மணி சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லுதுங்க, நீங்க பாத்துக் குடுங்க"ன்னுட்டேன்.

அவரு ஒடனே நிமுந்து, "அப்ப நாப்பத்தஞ்சு போட்டுக்கலாமா?"ன்னாரு. தாராளமாங்கன்னேன். எவ்வளவு சந்தோசப்பட்டாருங்கறீங்க! என்ற கையைப் புடிச்சுக் குலுக்கினாரு. காப்பி வந்துச்சு. திரும்பி வர்றப்ப மயிலா வண்டியில பின்னாடி ஒக்காந்தா. எப்பவும் மேட்டுல ஏறறப்ப என்ற தோளைப் புடிச்சுக்குவா, அன்னிக்குப் பின்னாடி கம்பியைப் புடிச்சுட்டு வந்தா. ஊட்டுக்கு வந்ததும் கேட்டா, "அவரு சரிங்கறதுக்குத்தான் வாயைத் தொறந்தாரு. உங்களுக்குத் தெரிஞ்சுச்சுங்களா?"ன்னு. எனக்கென்ன தெரியும்? அவரு மனசுக்குள்ள போயா பாத்தேன்? சரிங்கற மூஞ்சியாங்க அது?

அந்த வேலையில அந்தப் பொம்பளைங்களோட சேந்து இவளும் மண்ணுச் சட்டி தூக்கினா. ஒரு ஆளைக் கொறைச்சுட்டாளாமா. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். கேக்கலை. புடிவாதம்.

ஆனா இதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. மானம் போனது என்ற தங்கச்சி ஊட்டுலதான்.

தங்கச்சி புருஷன் சென்னியப்பன். மலுமிச்சம்பட்டியில ஊடு கட்டினாரு. பெரிய ஊடு, சுத்தியும் எடம். அவரே ஒரு கட்டடக் கம்பெனியில பெரிய பொறுப்புல இருக்கறாரு. பால் காய்ச்சற அன்னிக்கு ஒறம்பரை அத்தனை பேரும் வந்திருக்கறாங்க. நம்ம பக்கம் உங்களுக்குத் தெரியுமில்லீங்க, கூடப் பொறந்தவளைக் கட்டின மாப்பிள்ளைன்னா என்ன மரியாதைன்னு? அவரு வந்தா நாம எந்திரிச்சு நிக்கோணும். அவரு கேட்டா இல்லைங்கக் கூடாது. பந்தியில ஒக்காந்திருக்கறோம். மாப்பிள்ளை மயிலாகிட்டக் கேக்கறாரு, "ஏம்மா, சுத்தியும் தோட்டம் போடோணும், எவ்வளவு ஆகும்?"னு.

இவ சோத்துல இருந்து தலையைத் தூக்கி, "அடிக்கு எழுவத்திரெண்டுங்கண்ணா. மொதல்ல எடம் வந்து அளக்கோணும், அதுக்கு ஐநூறு. வேலை குடுத்தீங்கன்னா அதைக் கழிச்சுக்கலாம்"ங்கறா.

எலையில கைய வெச்சவன் அப்பிடியே வெச்சுட்டேன் சார். ரசம் ஓடிப்போயி வேட்டியில ஊத்துது. மாப்பிள்ளைகிட்ட! எடம் பாக்க ஐநூறு! கூடப் பொறந்தவ மூஞ்சியை நான் எப்பிடிங்க பாப்பேன்? எந்திரிச்சுட்டேன். எச்சக் கையோட நின்னு சொன்னேன், "மாப்பிள்ளை, இவ பேச்சை உடுங்க. உங்ககிட்ட நான் காசு வாங்குவேனா? முழுத் தோட்டமும் என்ற சீரு, ஒத்தப் பைசா வேண்டாம்"னு. எல்லாரும் என்னைத்தான் பாத்தாங்க. ஒரு பெரியவரு, "நாச்சிமுத்துன்னா நாச்சிமுத்துதான்"னு சொன்னது என்ற காதுலயே உழுந்துச்சு.

அப்பவாவது வாயை மூடிட்டு இருந்திருக்கலாமில்லீங்க? இவ பொறுமையாக் கைய வழிச்சு எலையில வெச்சுட்டு, "சரிங்கண்ணா, அவரு கூலி சீராப் போகட்டும். என்ற கூலியும் அந்த நாலு பேத்து கூலியும் மண்ணுக் காசும் மட்டும் நீங்க குடுத்துருங்க"ன்னா.

சீச்சீ. இப்ப நெனைச்சாலும் வாயெல்லாம் கசக்குது.

அந்த மாப்பிள்ளை என்ன பண்ணோணும்? நீங்களே சொல்லுங்க. கோவப்பட்டிருக்கோணும். தங்கச்சியாவது ரெண்டு வார்த்தை கேட்டிருக்கோணும். ரெண்டு பேரும் சிரிக்கறாங்க சார்! மக்காநாளு ஐநூறு ரூபாயைப் போன்லயே அனுப்பிட்டாரு. அப்பறம் முழுக்காசும் குடுத்தாரு. எழுவத்திரெண்டு கணக்குல. என்ற கூலியையும் சேத்து அவ கையில குடுத்திருக்கறாரு. நான் தனியாப் புடிச்சுக் கேட்டேன், என்ன மாப்பிள்ளை இப்பிடிப் பண்ணிட்டீங்கன்னு. அவரு சொல்றாரு: "மச்சான், கோவிச்சுக்காதீங்க. உங்ககிட்ட வேலை குடுத்தா எனக்குத் தொல்லை. கம்மியாக் குடுத்துட்டமோன்னு ஒரு ஆறு மாசம் நெனைச்சுட்டே இருக்கோணும். உங்க மூஞ்சியைப் பாத்தாலும் தெரியாது. அம்மணி வெலை சொல்லுச்சு, குடுத்தேன், முடிஞ்சுது. நிம்மதியா இருக்குது."

நிம்மதியாமா! சொந்தக்காரங்களுக்குள்ள முடிஞ்சுதுன்னு ஒண்ணு உண்டுங்களா? காசு குடுத்து என்னைத் தொடைச்சு எறிஞ்ச மாதிரி இருந்துச்சு. அதோட போச்சா? அவரு கம்பெனி கட்டின அப்பார்ட்மென்ட், சுந்தராபுரத்துல, ஒம்பதாயிரம் அடி புல்லு. அந்த வேலையைத் தூக்கி இவ கையில குடுத்துட்டாரு. எனக்கு ஒரு வார்த்தை சொல்லலை.

அன்னிக்குப் பொழுதோட இவ துணியை மடிச்சு வெச்சுட்டே சொல்றா, "நான் தனியாப் பாக்கறனுங்க. தொழிலைத்தான் சொல்றேன். தப்பா எடுத்துக்காதீங்க"ன்னு. சுந்தராபுரத்துல அவ தங்கச்சி இருக்கறா. வாரத்துல ஆறு நாளு அங்க. ஞாயித்துக்கெழமை வருவா. கொழம்பு வெச்சு, டப்பா டப்பாவாப் போட்டு ஃப்ரிட்ஜுல அடுக்குவா. ஊட்டைக் கூட்டுவா. நாயித் தட்டைக் கழுவி வெப்பா. போயிருவா. அந்த நாலு பொம்பளைங்களும் அவ பின்னாடியே போயிட்டாங்க. எவ்வளவு நன்றி கெட்ட ஜென்மங்க பாருங்க. மாசம் பொறந்தா லீவு வேறயாமா அவங்களுக்கு, சம்பளத்தோட.

நான் ஒண்ணும் சொல்லலீங்க. போகட்டும்னு இருந்தேன். எத்தனை நாளைக்குத் துள்ளுவா? வெலைய அவளே சொல்லிக்கலாம். செடிக்கு நோவு வந்தா யாரைக் கேப்பா? மண்ணு என்ன சொல்லுதுன்னு அவளுக்குத் தெரியுமா? அதுக்கு நாந்தான் வரோணும். வந்து, 'ஏனுங்க, நீங்க இல்லாம முடியலைங்க, ஊட்டுக்கு வந்துர்றேன், பழைய மாதிரி சேந்தே பாக்கலாம்'னு நிப்பா. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எட்டு மாசம் தனியா ஒக்காந்து ஃப்ரிட்ஜு கொழம்பைத் தின்னுட்டிருந்தேன். சொல்றதுக்கென்ன, கஷ்டமாத்தான் இருந்துச்சு. பொழுது சாஞ்சா ஊடு ஆளில்லாமக் கெடக்கும். அவ மோட்டார் போடற சத்தங்கூட இருக்காது.

எங்க வந்திருக்கறோம்? கிணத்துக்கடவு. அதா, அந்த வேப்பமரத்துக்குப் பக்கத்துல பச்சை வலை தெரியுதில்லீங்க, அதுதான் நம்ம நர்சரி. பூட்டித்தான் இருக்குது. இன்னிக்குன்னு இல்லை, இப்பெல்லாம் அடிக்கடி பூட்டித்தான் இருக்குது.

போன வாரம் போன் வந்துச்சு. "கொஞ்சம் சுந்தராபுரம் வர்றீங்களா? புல்லு திட்டுத் திட்டா மஞ்சளாகுது, எனக்குப் புரியலை"ன்னா. பாத்தீங்களா! கையும் ஓடலை, காலும் ஓடலை எனக்கு. சலவை வேட்டி எடுத்துக் கட்டிட்டு, சவரம் பண்ணிட்டு, அடுத்த பஸ்ஸைப் புடிச்சேன்.

அப்பார்ட்மென்ட் செகரட்டரி நிக்கறாரு, நாலஞ்சு ஊட்டுக்காரங்க நிக்கறாங்க, இவ அந்த நோட்டை நெஞ்சோட புடிச்சுட்டு நிக்கறா. செருப்பைக் கழட்டினேன். புல்லுல ஏறி ஒரு நடை நடந்தேன். மஞ்சளா இருக்கற எடமெல்லாம் பஞ்சு மாதிரி அமுங்குது. குனிஞ்சு ஒரு பிடி புல்லைப் புடிச்சு இழுத்தேன், பாய் மாதிரி கையோட வந்துச்சு. அடியில பாத்தா வெள்ளை வெள்ளையா, சுருண்டு, கொழுத்த புழு. வேரைப் பூராம் தின்னுட்டிருக்குது. "வேர்ப்புழு. வாரம் ஒருக்கா வந்து பாக்கோணும், மூணு மாசம். இல்லாட்டி ஒம்பதாயிரம் அடியும் போயிரும்"னேன். செகரட்டரி அசந்துட்டாரு. "இவரு யாருங்க?"ன்னு கேட்டாரு. இவ என்ன சொல்லோணும்? 'என்ற ஊட்டுக்காரரு'ன்னு சொல்லோணுமா இல்லையா? "செடி நோவு பாக்கறதுல இவரை உட்டா ஆளில்லீங்க. இவரு ஒருக்கா வந்து பாத்தா ரெண்டாயிரம் ஆகும், அது மாசக் காசுல சேராது, தனி"ன்னா. அவரு யோசிக்கக்கூட இல்லை. சரிங்கம்மான்னு போயிட்டாரு.

ரெண்டாயிரமுங்க. என்னை வெச்சு. எனக்கு முன்னாடியே. அருவருப்பா இருந்துச்சு எனக்கு, சந்தையில மாட்டைப் பல்லுப் புடிச்சுக் காட்டற மாதிரி. ஆனா பொறுத்துக்கிட்டேன். ஏன்னா இப்ப ரெண்டு பேருந்தான் நிக்கறோம். சொல்லிருவான்னு நெனைச்சேன். அந்த வார்த்தையை.

மோட்டார் ரூம் நெழல்ல ஒரு கல்லு கெடந்துச்சு, ஒக்காருங்கன்னா. தண்ணி குடுத்தா. பக்கத்துல ஒக்காந்து நோட்டைப் பிரிச்சா. பேனாவைத் தொறந்து வெச்சுட்டு, "உங்க ரேட் என்னன்னு சொல்லுங்க, எழுதிக்கறேன்"ங்கறா.

"என்ன புள்ள, எனக்கா ரேட்டு? ஊட்டுக்காரன்கிட்டயா கேக்கறே?"ன்னேன்.

"எல்லாத்துகிட்டயும் கேக்கறதுதானுங்க."

"நீயே பாத்துக் குடு"ன்னேன்.

"எனக்குப் பாக்கத் தெரியாதுங்க. நீங்க சொல்லுங்க"ன்னா. சொல்லிட்டு அதே மாதிரி வாயை மூடிக்கிட்டா. புல்லைப் பாத்துட்டு ஒக்காந்திருக்கறா. காக்கா கத்துது. மேல எந்த ஊட்டுலயோ குக்கர் விசில் அடிக்குது. இவ பேசவே மாட்டீங்கறா.

எனக்கும் ரோசம் இருக்குதுங்கல்ல? வெலையா வேணும் உனக்கு, சொல்றேன் பாருன்னு நெனைச்சேன். பெருசாச் சொன்னா, பாத்தியா, காசுக்குப் பறக்கறான்னு ஆயிரும். கம்மியாச் சொல்லோணும். கேட்ட ஒடனே அவளுக்கு நெஞ்சுல குத்தோணும். 'அய்யோ, என்னங்க இது, உங்க கைக்கு இவ்வளவுதானா'ன்னு நோட்டைக் கீழ போட்டுட்டு அழுதுருவா. அத்தோட இந்த எட்டு மாசக் கூத்து முடிஞ்சுரும். அப்பிடித்தானுங்க நம்ம ஊருல. ஒருத்தர் கொறைச்சுச் சொன்னா எதிர்ல இருக்கறவங்க, அட வேண்டாமுங்க, நீங்க கூட்டி வாங்கிக்கோணும்னு மல்லுக்கு நிப்பாங்க. அதுதான மனுசத்தனம்?

"ஒருக்கா வர்றதுக்கு முன்னூறு"ன்னேன்.

இவ திரும்பி என்னைப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா சார். கண்ணு கலங்கின மாதிரிக்கூட இருந்துச்சு. வேலை ஆச்சுன்னு நெனைச்சேன்.

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"ன்னா.

ஆமான்னேன்.

"மருந்து, பஸ் சார்ஜு எல்லாம் இதுலயே அடக்கமுங்களா?"

"எல்லாம் அடக்கம்"னேன். கேக்கட்டும் நல்லா, இன்னும் உறைக்கட்டும்னுதான் சொன்னேன்.

"மூணு மாசத்துக்கு இதுதானுங்க. நடுவுல மாத்திக் கேக்க முடியாது. இன்னொருக்கா யோசிச்சுச் சொல்றதுன்னாலும் சொல்லுங்க, நான் இருக்கறேன்"னா.

"நாச்சிமுத்து சொன்னாச் சொன்னதுதான்"னேன்.

"சரிங்க"ன்னா.

எழுதிட்டாளுங்க! முன்னூறுன்னு எழுதி, பக்கத்துல தேதி போட்டு, நோட்டைத் திருப்பி என் முன்னாடி வெச்சு, கையெழுத்துப் போடுங்கன்னா. நானும் போட்டேன். கட்டினவன் சார் நானு. அவளுக்கு ரெண்டாயிரம் வருதுன்னு எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்னு அவளுக்கும் தெரியும். ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை, கூட்டிக் கேளுங்கன்னு சொன்னாளா? இப்பிடி ஒரு பொம்பளை இருப்பாளா, நீங்களே சொல்லுங்க. அந்த நோட்டை மூடிப் பையில வெச்சுட்டு, செவ்வாய்க்கெழமை பதினோரு மணிக்கெல்லாம் வந்துருங்க, லேட் பண்ணாதீங்கன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

மணி என்னாச்சுங்க சார் இப்போ?